பாத்தியில் மிதித்த எழுத்து

நாளைக்கு நீங்கள் ஆளுக்கொரு ஊருக்குப் புறப்பட்டுவிடுவீர்கள். பலகையை எங்கே மாட்டுவது, எந்த எழுத்தில் தொடங்குவது, வருகைப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் இந்தப் பத்து நாள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, "முதியோர் வகுப்பில் நீங்கள் பெற்ற வெற்றியைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நான் கையும் களவுமாகப் பிடிபட்ட வகுப்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இத்தனை வருஷ வேலையில் அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு நடக்கவில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு ஓட்டப்பிடாரத்தில் வீட்டோடு இருந்தேன். தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும் என்று தகவல் வந்தது. அங்கே ஊருக்குள் சித்தி வீடு இருந்தது. தங்க இடம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கிளம்பிவிட்டேன்.

ஐப்பசியில் மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும். அந்தச் சமயம் பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும் என்று கணக்குப் போட்டு வகுப்பைத் தொடங்கினோம். உப்பு மூட்டைக்குச் சாக்கு தைக்கிற ஓலைக் கொட்டகை ஒன்று அளத்தை ஒட்டி இருந்தது. அளத்துக் கங்காணி, எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர், அதைத் திறந்துவிட்டார். மதியம் மூன்று மணிக்குப் பதினான்கு பெண்கள் வருவார்கள்.

மூன்று மாதம் ஆகியும் எழுத்து ஏறவில்லை. சிலேட்டுக் குச்சியைக் கையில் கொடுத்தால் உப்பு வாருகிற பலகையைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பார்கள்; அது மளுக்கென்று முறிந்துவிடும். உப்புத்தண்ணீரில் வெந்து வெடித்த விரல்கள் அவை. முறிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நான் மறுபடியும் 'அ'வில் தொடங்குவேன். அந்த விரல்களில் குற்றம் இல்லை, என் பாடத்தில்தான் குற்றம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இவர்களுக்கு இனிமேல் படிப்பு வராது என்று ராத்திரி சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்வீர்கள். சொல்லும்போது நான் நினைவுக்கு வந்தால் போதும்.

மார்கழிக் கடைசியில் கடிதம் வந்தது. பொங்கல் கழிந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார். வகுப்பில் இருப்பவர்கள் எட்டாம் பாடம் வரை வாசிக்க வேண்டும். இல்லையென்றால் மையத்தை ஆறுமுகநேரிக்கு மாற்றிவிடுவார்கள். கையில் பதினைந்து நாள்தான் இருந்தது.

நான் குறுக்கு வழியில் போனேன். எட்டாம் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன். அது பசுவைப் பற்றிய பாடம். 'பசு சாதுவான பிராணி' என்று தொடங்கும். கண்ணுக்கு எட்டின தூரம் புல் முளைக்காத உப்பளத்தில் உட்கார்ந்துகொண்டு பதினான்கு பேரும் பசுவின் குணத்தை ஒப்பித்தார்கள். பாட்டுப் பாடிப் பழகிய பெண்கள். நாலே நாளில் பாடம் ஆகிவிட்டது. நான் அதோடு நிற்கவில்லை. எந்தச் சொல்லுக்கு விரல் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்த இடத்தில் கொஞ்சம் திணற வேண்டும் என்பதைக்கூடப் பழக்கினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நடுத்தர வயது, சைக்கிளில் வந்த வேர்வை, தோளில் ஒரு துணிப்பை. ஒவ்வொருவராக வாசித்தார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒன்பதாவதாக முத்துப்பேச்சி எழுந்தாள். நாற்பது வயது இருக்கும், வகுப்பில் மூத்தவள் அவள்தான். அதிகம் பேசமாட்டாள். அவளும் விரலை வைத்துக்கொண்டு ஒரு பிசகு இல்லாமல் வாசித்து முடித்தாள்.

"நல்லா வாசிக்கிறீங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவைத் திறந்துகொண்டே, பேச்சுக்குக் கேட்பதுபோல, "அப்போ இனிமே எதைக் கொடுத்தாலும் வாசிச்சிருவீங்க, இல்லையா?" என்றார்.

அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லாம் முடிந்திருக்கும்.

முத்துப்பேச்சி புத்தகத்தை மூடினாள். "இல்லய்யா. எனக்கு வாசிக்கத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் திறந்த பேனாவோடு நிமிர்ந்தார். அவளே தொடர்ந்தாள்.

"இது மனப்பாடம்யா. டீச்சர் மேல மட்டும் குத்தம் சொல்லாதிய. நாங்களும் சம்மதிச்சுத்தான் செஞ்சோம். ஆனா தெரியும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். 'அவங்க பயத்துல உளறுறாங்க சார்' என்பது என் வாய்வரை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், "அவங்க பயத்துல" என்பது வரைக்கும் சொல்லியும் விட்டேன். அப்போது முத்துப்பேச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

"அவங்க சொல்றது நிஜம் சார்" என்றேன். "நான்தான் மனப்பாடம் பண்ண வச்சேன். யாருக்கும் இன்னும் வாசிக்க வரல."

அவர் அறிக்கைத் தாளில், வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை என்று நான் பார்க்கும்படி எழுதினார். அதற்குக் கீழே, மாசி முடிவில் மறுபடி பார்வையிட்டு முடிவு செய்யலாம் என்றும் எழுதினார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதுவரைக்கும் நான் பார்த்த எல்லா மையத்திலேயும் இந்தப் பசுவைக் கேட்டாச்சு. எல்லாரும் நல்லாத்தான் வாசிச்சாங்க. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு."

அவர் போனதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவமானம்தான் ஆத்திரமாக வந்தது. முத்துப்பேச்சியிடம், "ஒரே ஒரு தலையாட்டல். அதைச் செய்யக்கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சாக்குக் குவியல்மேல் உட்கார்ந்தாள்.

"யுத்தம் முடிஞ்ச வருசம் டீச்சர். எங்க வீட்டுல அவுகளுக்கு ரெண்டு கண்ணும் செவந்து நீரா வடிஞ்சுது. தோணிக்கு உப்பு மூட்ட தூக்கித் தூக்கித் தோள்பட்டையிலயும் வலி. தர்மாஸ்பத்திரியில போயி நின்னேன். ரெண்டு குப்பி குடுத்தாவ. ஒண்ணு கண்ணுக்கு, ஒண்ணு தோள்ல தேய்க்க. ரெண்டும் ஒரே அளவு, ஒரே நெறம். குடுத்த ஆளு, 'சீட்டு எழுதி ஒட்டியிருக்கு, வாசிக்கத் தெரியும்லா'ன்னு கேட்டாரு. பின்னால வரிசையா ஆளுக நிக்கி. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. தலைய ஆட்டிட்டேன்."

கைகளைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"வீட்டுக்கு வந்து மாத்தி ஊத்திட்டேன். வலது கண்ணுல. அவுக துடிச்ச துடி... மறு கண்ணுல ஊத்துததுக்கு முன்னால தெரிஞ்சுபோச்சு. அதனால ஒண்ணு தப்பிச்சுது. அவுக என்னைய இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல. நீங்க இப்ப என்னைய மறுபடியும் தலையாட்டச் சொல்லுதிய."

தன்னை ஏமாற்றச் சொன்ன ஒருத்தியிடம் அவள் இதை ஏன் சொன்னாள் என்றுதான் இன்று வரை ஆச்சரியப்படுகிறேன். பட்டென்று எழுந்து போயிருக்கலாம்.

மறுநாள் வகுப்புக்கு யாரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. தை பிறந்துவிட்டால் உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இறுகினால்தான் உப்பில் மண் கலக்காது. விடியுமுன் தொடங்கி உச்சிவரை மிதிப்பார்கள். அதற்குப் பிறகு நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு ஊர்க்குழாயில் தவம் கிடக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும். யாருக்கு நேரம் இருக்கும்? காரணம் அது மட்டும்தானா, என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் காலையில், மன்னிப்பாவது கேட்டுவிட்டு ஓட்டப்பிடாரத்துக்கே பஸ் ஏறிவிடலாம் என்று அளத்துக்கு நடந்தேன்.

வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. வரப்புமேல் போய் நின்றேன். கீழே ஈரக் களிமண் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. பெண்கள் சேலையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி வரிசையாக மிதித்துக்கொண்டு போனார்கள். வழக்கமாகக் கோடு போட்டதுபோல நேராக மிதிப்பார்கள். இவர்கள் வளைந்து போனார்கள். முன்னால் போன முத்துப்பேச்சி குரல் கொடுத்தாள்.

"வளைச்சு வாங்களா... இன்னும் மேல... இப்ப கீழ எறக்கு! ஏளா சொர்ணம், நீ எங்க போற? இங்கன சுழிக்கணும்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரப்பின் மேட்டில் ஏறிப் பார்த்தேன். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

பாத்தியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கூடம் அளவு. நூற்றுக்கணக்கான காலடிகள் பதிந்து பதிந்து உருவான எழுத்து. க. ண். ணு. க். கடைசி எழுத்தைத்தான் அவர்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணுக்கு.

பக்கத்துப் பாத்தியைப் பார்த்தேன். அதை முந்தின நாளே முடித்திருந்தார்கள். காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. அதில் 'மேலுக்கு' என்று இருந்தது. நம் பக்கத்தில் உடம்பை மேல் என்றுதானே சொல்வோம்.

என் காலடியில் வரப்பின் மேல் இரண்டு சின்னக் குப்பிகள் இருந்தன. கழுவித் துடைத்த காலிக் குப்பிகள். மஞ்சளேறிய சீட்டு இரண்டிலும் ஒட்டியபடியே இருந்தது. மூன்று வருஷமாக அவள் அவற்றைத் துணியில் சுற்றி வைத்திருந்திருக்கிறாள். அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகக் களிமண்ணில் இறக்கியிருக்கிறார்கள். பதினான்கு பேருக்கும் அந்தக் கதை தெரியும். மூன்று நாளைக்கு முன்புவரை என் ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்தது.

பக்கத்தில் யாரோ இருமினார்கள். கங்காணி அண்ணாச்சி. வேலை கெடுகிறது என்று சத்தம் போடப்போகிறார் என்று பயந்து, "அண்ணாச்சி, நான் சொல்லிக்கொடுத்தது இல்ல இது" என்றேன்.

"அது தெரியும்" என்றார். பிறகு, "மிதிக்க வேண்டிய தரைதான டீச்சர்? நேரா மிதிச்சா என்ன, எழுத்தா மிதிச்சா என்ன? தண்ணி விடுததுக்கு முன்னால எடவெளியையும் சேத்து மிதிச்சிருவாளுவ. தரை இறுகுச்சுன்னா எனக்குச் சரி." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும். இந்த 'ணு' எப்படி வளையுதுன்னு இன்னிக்குத்தான் ஒழுங்காப் பாத்தேன்."

முத்துப்பேச்சி என்னைப் பார்த்துவிட்டாள். கீழே இருந்தே கத்தினாள்: "டீச்சர், கடைசி எழுத்து சரியா இருக்கா? மேல நின்னாத்தான தெரியும்!"

'கு'வின் வளைவு தவறாக இருந்தது. செருப்பை வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால்வரை புதைந்தது. உப்பு பட்டுக் கால் எரிந்தது. அவர்கள் சிரித்தார்கள். நான் முன்னால் நடந்து அந்த வளைவைப் போட்டேன். பதினான்கு பேரும் என் தடத்தில் மிதித்து வந்தார்கள். மன்னிப்புக் கேட்க வந்ததை மறந்தே போனேன். யாரும் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

அன்றிலிருந்து காலையில் பாத்திதான் வகுப்பு. நான் சொல்லும் எழுத்தை அவர்கள் மிதிக்கவில்லை; அவர்களுக்கு வேண்டிய சொல்லை மிதித்தார்கள், நான் வளைவைத் திருத்தினேன். உப்பு, தோணி, பிள்ளைகள் பெயர், ஊர்ப் பெயர். காலால் நடந்த எழுத்து உடம்பில் ஏறிவிடும்போல. மதியம் கொட்டகைக்கு வந்தால் அதே விரல்கள் குச்சியை முறிக்காமல் எழுதின. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பயிற்சிப் புத்தகத்தில் அது இல்லை.

மதியம் கொட்டகைக்கு வர நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். ஒரு நாள் குழாயடிப் பக்கம் போனேன். குடங்களின் வரிசையில் ஆண்கள் நின்றார்கள். அந்தக் காலத்தில் ஓர் ஆண்பிள்ளை குடத்தோடு குழாயடியில் நின்றால் தெருவே சிரிக்கும். சிரித்தார்கள்தான். வரிசையில் முதல் ஆள் வலது கண் வெள்ளை விழுந்தவர். முத்துப்பேச்சியின் புருஷன் சுடலைமுத்து. மற்றவர்களைக் கூட்டி வந்ததும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னார்:

"அவ படிக்கட்டும் டீச்சர். எனக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்குல்லா. அவ படிச்சாத்தான் அதுக்கு நல்லது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. இப்படி ஒரு மனிதர், இப்படி ஒரு வீடு. இவர்களுக்கு எழுத்து வராது என்றல்லவா நான் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாசி முடிவில் இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தத் தடவை புத்தகத்தைத் தொடவில்லை. பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்து, ஒரு மூலையை மடித்து முத்துப்பேச்சியிடம் நீட்டினார். "இதை வாசிங்கம்மா. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

நான் அந்தத் தாளைப் பார்த்திருக்கவில்லை. என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அவள் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "வி..." என்றாள். நிறுத்தினாள். "விளா..." தரையில் அவளுடைய கால் பெருவிரல் லேசாக அசைவதைப் பார்த்தேன். "விளாத்... தி... குளம்." நெற்றியில் வேர்வை அரும்பியது. மற்ற பதின்மூன்று பேரில் யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. "விளாத்திகுளம் வட்... டாரத்தில்... நேற்று... பல... பலத்த..." அவ்வளவு நேரம் ஆனது. இப்போது நான் சொல்லிக்காட்டுவதைவிட அதிக நேரம். "பலத்த மழை பெய்... தது."

வாக்கியம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

முத்துப்பேச்சி தாளைக் கீழே இறக்கவில்லை. அந்த வரியையே திரும்பவும் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரையோ என்னையோ பார்க்காமல், பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, விளாத்திகுளத்துல மழையாம்ளா! எங்க அக்கா அங்கன மொளகாப்பழம் காயப்போட்டிருப்பாளே! இந்த நேரத்துல மழை பேஞ்சா எல்லாம் அழுகிப்போகுமே!"

இன்ஸ்பெக்டரின் பேனா காற்றில் நின்றது. வாசிக்கத் தெரிந்த ஆளுக்கும் ஒப்பிக்கிற ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த நிமிஷத்தில்தான் கண்ணால் கண்டேன். பசுவைப் பற்றி இவ்வளவு நாள் ஒப்பித்தார்களே, அந்தப் பசுவுக்காக யாராவது ஒரு நொடி கவலைப்பட்டார்களா?

"இன்னும் என்ன போட்டிருக்குளா? எந்த ஊருன்னு சொல்லியிருக்கா?" என்று சொர்ணம் எழுந்து வந்தாள். இன்னொருத்தி வந்தாள். தேர்வு நடக்கிறது, ஒவ்வொருவராகத்தான் வாசிக்க வேண்டும் என்று நான் வாயெடுத்தேன். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மடித்திருந்த தாளைப் பிரித்து முழுப் பக்கத்தையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார்.

பதினான்கு தலைகளும் அந்தத் தாள்மேல் கவிந்தன. ஒருத்தி 'ஒ' என்றாள், இன்னொருத்தி 'இல்லளா, அது நெடில்' என்றாள். மூன்று பேருக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை என்பதை அவர்களே எங்களிடம் சொன்னார்கள். அவர்களுக்கு மற்றவர்கள் விரலை வைத்துக் காட்டினார்கள். மழை எத்தனை ஊரில் பெய்தது என்று கண்டுபிடிப்பதற்குள் மாலை வெயில் கொட்டகைக்குள் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டரும் நானும் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் இரண்டு பேரையும் யாரும் கவனிக்கவில்லை.